பச்சை மஸ்டாங்

பிறந்தபோது அதற்கு இருந்தது ஓர் எண் மட்டும்தான்: 8ஆர்02எஸ்125559. முதலில் நிற்கும் எட்டு, அது 1968ஆம் ஆண்டு மாடல் என்று சொல்கிறது. ஆர் என்றால் கலிபோர்னியாவில் ஃபோர்டு நடத்திய சான் ஹோசே தொழிற்சாலை. 02 என்றால் கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக். எஸ் என்றால் 390 கன அங்குல வி8 எஞ்சின், 325 குதிரைத்திறன். கடைசி ஆறு இலக்கம் வரிசை எண். அதற்கு ஒன்று முன்னால், 125558 என்று, அச்சு அசலாக இன்னொரு மஸ்டாங்கும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே நிறம். ஃபோர்டின் பட்டியலில் அதற்கு ஹைலேண்ட் கிரீன் என்று பெயர். நம் கண்ணுக்கு அது நல்ல அடர்ந்த பாசிப்பச்சை.

அந்த இரண்டும் ஷோரூமில் நின்று யாரோ ஒரு வக்கீலுக்கோ டாக்டருக்கோ போயிருக்க வேண்டியவை. போனது வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவுக்கு. அங்கிருந்து, பிறந்த இடத்துக்கு வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கு. 1968 அக்டோபரில் வெளியான ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டும் வண்டியாக வருபவை இந்த இரண்டும்தான்.

ஆக்‌ஷன் படம், போலீஸ் சீரியல் என்று எது கிடைத்தாலும் உட்கார்ந்து பார்த்துவிடும் ரகம் நான். தரம் பற்றிப் பெரிய கொள்கையெல்லாம் கிடையாது. ஆனால் ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: அடிபட்ட பொருள் அடுத்த காட்சியிலும் அடிபட்டதாகவே இருக்கிறதா? ‘டை ஹார்ட்’ படத்தில் புரூஸ் வில்லிஸ் செருப்பில்லாமல் கண்ணாடித் துண்டுகள் மேல் ஓடுகிறார்; அதன் பிறகு படம் முடியும்வரை அவர் நடை அதை மறப்பதில்லை. மேலே போட்டிருக்கும் பனியனைப் பார்த்தே படம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதனால்தான் 1988ல் வந்த படம் இன்றும் நிற்கிறது. எத்தனை மாடியிலிருந்து விழுந்தாலும் தலைமுடி கலையாத நாயகனிடம் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. பயமும் வருவதில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சோதனையில் மஸ்டாங் 559 படத்துக்கு உள்ளேயும் தேறியது, வெளியேயும் தேறியது. அதன் ஐம்பது வருடக் கதையே அடியும் தழும்பும்தான்.

முதலில் உள்ளே நடந்தது. ‘புல்லிட்’ படத்தின் இயக்குநர் பீட்டர் யேட்ஸ் ஆங்கிலேயர். லண்டனில் ‘தி செயின்ட்’, ‘டேஞ்சர் மேன்’ முதலிய தொலைக்காட்சித் தொடர்களில் தொழில் பழகியவர். 1967ல் அவர் எடுத்த ‘ராபரி’ படத்தில் லண்டன் தெருக்களில் ஒரு கார் துரத்தல் வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மெக்வீன் அவரைக் கூப்பிட்டார். மெக்வீனும் டிவியிலிருந்து வந்தவர்தான்: ‘வான்டட்: டெட் ஆர் அலைவ்’ என்ற கௌபாய் தொடரில் மூன்று வருடம். படத்தின் அரசியல்வாதி வேடத்துக்கு வந்த ராபர்ட் வானோ, ‘தி மேன் ஃப்ரம் அங்கிள்’ தொடரின் உளவாளியாக வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். இசையமைத்த லாலோ ஷிஃப்ரின் ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடருக்கு மெட்டுப் போட்டவர், அந்த மெட்டை வைத்து டாம் குரூஸ் பல வருடம் ஓட்டினார். சினிமா உசத்தி, சீரியல் மட்டம் என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு இந்தப் பட்டியலை மட்டும் காட்டினால் போதும்.

படத்தின் கதையை யாருக்காவது விளக்க முயன்றவர்களுக்குத் தெரியும், அது கொஞ்சம் சிக்கல். ஒரு சாட்சி, அவனைக் காவல் காக்கும் லெப்டினன்ட் புல்லிட் (மெக்வீன்), சாட்சி சுடப்படுகிறான், அவன் உண்மையில் யார் என்ற குழப்பம். நான் அதை இங்கே அவிழ்க்கப் போவதில்லை. படமே அவசரப்பட்டு அவிழ்ப்பதில்லை. அதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன விஷயங்களில் நேரம் செலவழிக்கிறது. புல்லிட் மளிகைக் கடைக்குள் நுழைந்து, சூடாக்கிச் சாப்பிடும் உறைந்த சாப்பாட்டுப் பெட்டிகளை என்ன ஏது என்று பார்க்காமல் அடுக்கி எடுத்துக்கொண்டு போகிறான். பத்திரிகைப் பெட்டியில் போடச் சில்லறை இல்லை. கதவை வலுக்கட்டாயமாகத் திறந்து ஒன்றை உருவிக்கொள்கிறான். தனியாக வாழும் போலீஸ்காரனைப் பற்றி இதற்கு மேல் வசனம் வேண்டியதில்லை. மெக்வீன் இதற்காக சான் பிரான்சிஸ்கோ போலீஸ் இன்ஸ்பெக்டர் டேவ் டாஸ்கியுடன் சுற்றினார். தோளில் மாட்டும் அவருடைய துப்பாக்கி உறையைப் பார்த்துத் தனக்கும் அதே மாதிரி செய்துகொண்டார். இந்த டாஸ்கிதான் அடுத்த வருடம் ஜோடியாக் கொலைகாரன் வழக்கில் இறங்கி, வருடக்கணக்கில் அலைந்தவர்.

வண்டிகளைப் படப்பிடிப்புக்குத் தயார் செய்தவர் மேக்ஸ் பால்சோவ்ஸ்கி. பந்தயக் கார்களைத் தன் பட்டறையிலேயே உருவாக்கிய மெக்கானிக். சான் பிரான்சிஸ்கோவின் மேடுகளில் வண்டி பறந்து கீழே விழும்போது முன்பக்கம் பிளந்துவிடாமல் இருக்க, ஷாக் அப்ஸார்பர் உட்காரும் இடங்களுக்குக் கூடுதல் தகடு வைத்து வெல்டிங் போட்டார். ஸ்பிரிங்குகளை மாற்றினார். கேமராவைப் பிடித்துக்கொள்ள வண்டிக்கு அடியில் இரும்புத் தாங்கிகள் ஒட்டவைக்கப்பட்டன. முன் ஜாலியில் இருந்த குதிரைச் சின்னம் கழற்றப்பட்டது. ஜிடி எழுத்துகளும் போயின. வெள்ளி மின்னும் அலங்காரம் எல்லாம் போய், ஒரு போலீஸ்காரன் தன் சம்பளத்தில் வாங்கி ஓட்டக்கூடிய வண்டி போல ஆனது. எதிரிகளுக்குக் கறுப்பு டாட்ஜ் சார்ஜர், 440 எஞ்சின். மஸ்டாங்கால் அதோடு ஈடுகொடுக்க முடியாமல், சார்ஜரை ஓட்டிய பில் ஹிக்மன் காலை எடுத்து எடுத்து ஓட்ட வேண்டியிருந்தது என்று சொல்வார்கள்.

இனி அந்தத் துரத்தல். கிட்டத்தட்ட பதினோரு நிமிடம். ஆரம்பம் மெதுவானது: கறுப்பு வண்டி பச்சை வண்டியைப் பின்தொடர்கிறது, ஷிஃப்ரினின் இசை அடியில் பதுங்கிப் பதுங்கி வருகிறது. புல்லிட் நழுவி மறைகிறான். கொலைகாரர்களின் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் திடீரென்று பச்சை மஸ்டாங் ஏறி வருகிறது. இப்போது யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பது மாறிவிட்டது. சார்ஜரின் ஓட்டுநர் நிதானமாக சீட் பெல்ட்டை இழுத்து மாட்டுகிறான். டயர் அலறுகிறது. அந்த நொடியில் இசை நின்றுவிடுகிறது.

நின்ற இசை துரத்தல் முடியும்வரை திரும்பி வரவில்லை. வசனமும் இல்லை. கியர் மாறும் சத்தம், டயர், எஞ்சின், தகரம் தரையில் மோதும் ஒலி. இவ்வளவுதான். இசையமைப்பாளர் ஒருவர் தன் வேலை எங்கே முடிகிறது என்று தெரிந்து கையை எடுத்துக்கொள்வது பெரிய காரியம். நம் ஊரில் நாலு சுமோ புழுதி கிளப்பினாலே முப்பது பேர் வாத்தியத்தோடு இறங்கிவிடுகிறார்கள்; வண்டியின் சத்தம் என்ன என்று கேட்கவே வாய்ப்பில்லை.

கேமராவையும் யேட்ஸ் சாதாரண வேகத்திலேயே ஓடவிட்டார். மெதுவாக ஓட்டி எடுத்துவிட்டு, ஃபிலிமை வேகமாக ஓட்டிக் காட்டும் பழைய தந்திரம் இல்லை. திரையில் தெரியும் வேகம் அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்த வேகம். சில இடங்களில் மணிக்கு 110 மைல், அதாவது 175 கிலோமீட்டருக்கும் மேல். எல்லாவற்றையும் தானே ஓட்ட வேண்டும் என்பது மெக்வீனின் ஆசை. ஒரு திருப்பத்தில் பிரேக் போடத் தாமதித்து, வளைவைத் தாண்டிப் போய்விட்டார். டயர் புகைய வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி திரும்பினார். அந்தத் தவறைப் படத்திலேயே வைத்துவிட்டார்கள். நல்ல முடிவு. திருப்பத்தைத் தவறவிடும் நாயகனை நம்பலாம்.

அதற்குப் பிறகு ஆபத்தான இறக்கங்களை ஸ்டண்ட்காரர் பட் எகின்ஸ் ஓட்டினார். ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தில் மோட்டார் சைக்கிளில் வேலியைத் தாண்டியவரும் இவர்தான்; மெக்வீன் தாண்டியதாக உலகம் நம்பியது. யார் ஓட்டுகிறார்கள் என்று கண்டுபிடிக்க ரசிகர்களிடம் ஒரு வழி உண்டு: உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியில் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மெக்வீன். கண்ணாடி திருப்பிவிடப்பட்டிருந்தால் எகின்ஸ்.

தவறுகளும் நிறைய. ஒரே பச்சை ஃபோக்ஸ்வாகன் வண்டியை இவர்கள் திரும்பத் திரும்பத் தாண்டுகிறார்கள். ஒரே இடத்தைப் பல கோணங்களில் எடுத்ததன் விளைவு. சார்ஜர் கழற்றிவிடும் வீல் கப்புகளை எண்ணினால் அதற்கு நாலுக்கு மேல் சக்கரம் இருந்திருக்க வேண்டும். ஊரின் ஒரு மூலையில் திரும்பினால் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும் இன்னொரு மூலையில் வெளியே வருகிறார்கள்; சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கடைசியில் சார்ஜர் பெட்ரோல் பங்கில் மோதி வெடிக்க வேண்டும். வண்டி குறி தப்பிவிட்டது. வெடி மட்டும் வெடித்தது. நிறுத்திப் பார்த்தால் தெரியும். அடிபட்டது அடிபட்டதாக இருக்க வேண்டும் என்ற என் சோதனைப்படி வீல் கப் விவகாரம் ஒன்றே இந்தப் படத்தைத் தோற்கடித்திருக்க வேண்டும். தோற்கவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு மேட்டிலும் மஸ்டாங் விழும்போது அதன் எடை தெரிகிறது. ஒன்றரை டன் இரும்பு விழுந்து, குலுங்கி, தன்னைச் சமாளித்துக்கொண்டு மறுபடி பாய்கிறது. ஃபிராங்க் கெல்லர் அதை வெட்டி ஒட்டிய விதத்துக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள்.

2015ல் வந்த ஏழாவது ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படத்துக்காக உண்மையிலேயே விமானத்திலிருந்து கார்களைத் தள்ளிப் படமெடுத்தார்கள். அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் திரையில் அது நிஜமாகத் தோன்றவில்லை. தரை தொட்ட கார் அலுங்காமல் ஓடத் தொடங்கியதும் என் மனம் கழன்றுகொண்டது. பணமும் தைரியமும் செலவழித்து எடுத்ததைப் பொய் போலக் காட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி.

‘புல்லிட்’ படத்தின் ஆட்கள் அங்கிருந்து பிரிந்து போன திசைகளைப் பார்த்தாலே எழுபதுகளின் ஆக்‌ஷன் வரலாறு கிடைத்துவிடும். தயாரிப்பாளர் ஃபிலிப் டி’ஆன்டோனி 1971ல் ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ எடுத்தார். அதிலும் ஹிக்மன் ஓட்டினார். 1973ல் ‘தி செவன் அப்ஸ்’, அதிலும் ஹிக்மன். ஸ்டண்ட் குழுவின் மூத்தவர் கேரி லாஃப்டின், ஸ்பீல்பெர்க் என்ற இளைஞர் டிவிக்காக எடுத்த ‘டூயல்’ படத்தில் அந்த முகம் தெரியாத லாரியை ஓட்டினார். ஷிஃப்ரின் ‘டர்ட்டி ஹாரி’ படத்துக்குப் போனார். அதே சான் பிரான்சிஸ்கோ, ஜோடியாக்கை நினைவூட்டும் கொலைகாரன். 1972ல் ‘தி ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் சான் பிரான்சிஸ்கோ’ தொடர் அந்த மேடுகளை வாராவாரம் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது.

559 அந்தப் பக்கம் போகவில்லை. படப்பிடிப்பு முடிந்ததும் அதற்கு யாரும் மாலை போடவில்லை. 558 அடிபட்டுக் கூழாகி, காயலான் கடைக்கு அனுப்பப்பட்டது. 559ஐ ஸ்டூடியோ ஊழியர் ஒருவர் வாங்கிக்கொண்டார். 1970ல் அவரிடமிருந்து அதை வாங்கியவர் நியூ ஜெர்சியில் ஒரு போலீஸ் துப்பறிவாளர். சினிமாத் துப்பறிவாளனின் கார் நிஜத் துப்பறிவாளரிடம் போனது! நான் கதை எழுதி இதை வைத்திருந்தால் ஆசிரியர் வெட்டியிருப்பார். குடும்பம் பெருகியதும் அவர் விற்க நினைத்து, 1974ல் ‘ரோடு அண்ட் டிராக்’ பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்தார். மெக்வீன் படத்தில் ஓட்டிய வண்டி என்று அதிலேயே போட்டிருந்தார். அதைப் பார்த்து வந்தவர் நியூ ஜெர்சியைச் சேர்ந்த இன்ஷூரன்ஸ்காரர் ராபர்ட் கீர்னன். சில ஆயிரம் டாலருக்கு வண்டி கைமாறியது.

அங்கே அது வீட்டு வண்டி ஆனது. கீர்னனின் மனைவி பள்ளி ஆசிரியை. தினமும் காலையில் அதில்தான் வேலைக்குப் போனார். மெக்வீன் ஓட்டிப் புகழ் பெற்ற வண்டி, பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றது. மளிகைப் பை சுமந்தது. எனக்கு அதன் வாழ்க்கையில் பிடித்த அத்தியாயம் இதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருந்தால் அப்போதே செத்திருக்கும்.

டிவித் துப்பறிவாளர்களில் எனக்கு கொலம்போ பிடித்ததற்கும் காரணம் இதுவே. ‘புல்லிட்’ வந்த அதே 1968ல்தான் கொலம்போவாகப் பீட்டர் ஃபாக் முதன்முதலில் தோன்றினார். கசங்கிய மழைக்கோட்டு, அது நடிகரின் சொந்தக் கோட்டு. ஓட்டை உடைசலாக ஒரு பெஜோ 403. எத்தனை வருடம் ஓடினாலும் கோட்டு இன்னும் கசங்கியதே தவிரப் புதிதாகவில்லை. அதற்கு நேர் எதிர் ‘ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்’: சிவப்பு ஃபோர்டு கிரான் டொரினோ, பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை. வாராவாரம் குப்பைத் தொட்டிகளை இடித்துத் தள்ளும். அடுத்த வாரம் குளித்துப் பவுடர் போட்டு வந்து நிற்கும். அன்றைய தொலைக்காட்சியின் விதி அது. எந்த வாரக் கதையை யார் எப்போது பார்ப்பார்கள் என்று தெரியாததால், ஒவ்வொரு வாரமும் உலகம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த விதி உடைந்த பிறகுதான் குற்றத் தொடர்களுக்கு ஞாபகசக்தி வந்தது. ‘பிரேக்கிங் பேட்’ வால்டர் ஒயிட்டின் பான்டியாக் ஆஸ்டெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அழகில்லாத பச்சை வண்டி. அதன் முன்கண்ணாடி உடைகிறது, மாற்றுகிறார், மறுபடி உடைகிறது. அந்த மனிதன் எவ்வளவு தூரம் சரிந்திருக்கிறான் என்பதற்கு அந்தக் கண்ணாடியே கணக்கு. கடைசியில் ஐம்பது டாலருக்கு மெக்கானிக்கிடம் தள்ளிவிடுகிறான். மனிதன் திரும்ப முடியாத இடத்துக்குப் போய்விட்டான் என்பது அந்த விலையிலேயே தெரிந்துவிடுகிறது.

நியூ ஜெர்சிக்குத் திரும்புவோம். 1977 டிசம்பரில் கீர்னன் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் ஸ்டீவ் மெக்வீன். அந்த மஸ்டாங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசை. வேண்டுமானால் அதே மாதிரி இன்னொரு மஸ்டாங் தேடித் தருகிறேன். ரொம்பப் பணம் ஆகும் என்றால் விட்டுவிடுவோம் என்ற தொனியில் சுருக்கமான, மரியாதையான கடிதம். ஹாலிவுட்டில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய நடிகர்களில் ஒருவர் பழைய காருக்கு விலை பேசுகிறார், அதுவும் கைக்கடக்கமாக! கீர்னன் கொடுக்கவில்லை. கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

1980ல் வண்டியின் கிளட்ச் போனது. மீட்டர் சுமார் 65,000 மைல் காட்டியது. ஓரமாக நிறுத்தினார்கள். அந்த நவம்பரில் மெக்வீன் மெக்சிகோவில் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் ஐம்பது வயதில் இறந்தார்.

பிறகு வந்த முப்பத்தைந்து வருடத்தைச் சீக்கிரம் தாண்டிவிடலாம்; வண்டி அப்போது நகரவில்லை, குடும்பம்தான் நகர்ந்தது. போன இடமெல்லாம் அதையும் கூடவே எடுத்துப்போய், கடைசியில் டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் அருகே ஒரு பண்ணையில் இறக்கினார்கள். வெளியே உலகம் அதைத் தேடிக்கொண்டிருந்தது. 1997ல் பிரிட்டனில் ஃபோர்டு தன் பூமா காருக்காக, இறந்துபோன மெக்வீனைக் கம்ப்யூட்டர் வேலையால் சான் பிரான்சிஸ்கோ தெருவில் மறுபடி ஓட்டவைத்தது. 2001லும் 2008லும் ‘புல்லிட்’ பெயரிலேயே மஸ்டாங் விற்றது. 2007ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் படம் இடம் பெற்றது. மோப்பம் பிடித்து வந்த சேகரிப்பாளர்களுக்குக் கீர்னன் கதவைத் திறக்கவில்லை. பெயரைச் சொல்லி லட்சம் லட்சமாகச் சம்பாதித்திருக்கலாம். அது அவருக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் பொருட்படுத்தவில்லை. அவரும் மகன் ஷானும் 2001 வாக்கில் வண்டியைச் சீர்செய்யப் பிரித்தார்கள். தந்தைக்குப் பார்க்கின்சன் நோய், வேலை நின்றது. 2014ல் அவர் காலமானார்.

மகன் வேலையைத் தொடர்ந்தான். எஞ்சினையும் ஓட்டத்துக்கு வேண்டியதையும் சரிசெய்தான். உடம்பைத் தொடவில்லை. பம்பரின் நெளிவு, துரு, மங்கிப்போன பச்சை, அடியில் கேமராத் தாங்கிகள் ஒட்டியிருந்த இடத்து இரும்பு எல்லாம் அப்படியே. பழைய வண்டியைச் சீர்செய்கிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது. எல்லாவற்றையும் சுரண்டிப் புது பெயிண்ட் அடித்து, தொழிற்சாலையிலிருந்து இன்று காலை வந்தது போல ஆக்கிவிடுவார்கள். இங்கே அப்படிச் செய்திருந்தால் வெல்டிங் தடங்களோடு சாட்சியும் அழிந்திருக்கும். இது அந்த வண்டிதான் என்பதற்கு எண்ணை விடப் பெரிய ஆதாரம் அந்தக் காயங்கள்.

2018 ஜனவரி 14ஆம் தேதி டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் ஃபோர்டு தன் புதிய புல்லிட் மஸ்டாங்கை அறிமுகப்படுத்தியது. மெக்வீனின் பேத்தி மோலி மேடையில் இருந்தார். பளபளக்கும் புது வண்டிக்குப் பக்கத்தில் துருவேறிய 559 வந்து நின்றது. புதியதை எத்தனை பேர் பார்த்தார்களோ, பாவம். அதற்கு எட்டு நாள் முன்னால்தான் இன்ஸ்பெக்டர் டேவ் டாஸ்கி இறந்துபோயிருந்தார்.

அந்த வருடமே வாஷிங்டனில் நேஷனல் மாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்தார்கள். இங்கிலாந்தில் குட்வுட் விழாவுக்கும் போனது. பிறகு குடும்பம் விற்பதென்று முடிவெடுத்தது. 2020 ஜனவரி 10, ஃபுளோரிடாவில் கிசிமீ நகரம், மீகம் நிறுவனத்தின் ஏலம். குறைந்தபட்ச விலை என்று எதுவும் வைக்கவில்லை. 34 லட்சம் டாலரில் சுத்தியல் விழுந்தது. கமிஷனோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம். அதுவரை எந்த மஸ்டாங்கும் அந்த விலைக்குப் போனதில்லை. முந்தைய ஆண்டு ஒரு ஷெல்பி 22 லட்சத்துக்குப் போனதைத்தான் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர் பெயரை அறிவிக்கவில்லை. தொடவே பயப்படும் விலைக்கு வந்துவிட்ட பிறகு, பள்ளிக்கூட வாசலுக்கு அதை இனி யார் ஓட்டிப் போவார்கள்?

காயலான் கடைக்குப் போன 558ஐ எல்லோரும் மறந்திருந்தார்கள். நசுக்கி உருக்கியிருப்பார்கள் என்றுதான் நினைத்தார்கள். 2017ல் அது மெக்சிகோவின் பாகா கலிபோர்னியாவில் கிடைத்தது. வெள்ளை பெயிண்ட் அடித்து, எஞ்சின் இல்லாமல், ஒரு கொல்லைப்புறத்தில். கண்டுபிடித்தவர்கள் அதைத் தேடிப் போகவில்லை என்பதுதான் வேடிக்கை. ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’ படத்தில் வரும் எலனோர் என்ற மஸ்டாங்கைப் போல ஒன்று செய்ய, பழைய மஸ்டாங் கூடுகளை வாங்கினார்கள். அதாவது, ஒரு சினிமாக் காருக்கு நகல் செய்ய இன்னொரு சினிமாக் காரின் அசலை வெட்டப் போனார்கள். வெட்டுவதற்கு முன்னால் எண்ணைத் தேடிப் பார்த்ததால் தப்பியது. ஃபோர்டு ஆவணங்களில் கைதேர்ந்த கெவின் மார்ட்டி போய்ப் பார்த்து உறுதி செய்தார். ஷாக் அப்ஸார்பர் உட்காரும் இடத்தில் கூடுதல் வெல்டிங். டிக்கியின் தரையில் படப்பிடிப்புக் கேபிள்களுக்காகப் போட்ட ஓட்டைகள். பால்சோவ்ஸ்கி பட்டறையின் வேலை அப்படியே இருந்தது.

37 லட்சத்துக்குப் போனது நட்சத்திரம் உட்கார்ந்த வண்டி. மேடுகளில் பறந்து பறந்து விழ வைத்திருந்தது 558ஐத்தான். ஸ்டண்ட்காரரின் பெயர் போஸ்டரில் வராத தொழில் சினிமா. வண்டிக்கும் அதே நியாயம் போலும். என்னைக் கேட்டால் அந்தப் பதினோரு நிமிடத்தின் நாயகன் 558. அதற்கு யார் எஞ்சின் பொருத்தினாலும், எந்தப் பச்சையைக் கரைத்து அடித்தாலும் சரி, டிக்கியில் இருக்கும் அந்த ஓட்டைகளை மட்டும் தகடு வைத்து அடைத்துவிடாமல் இருந்தால் போதும்.